கதிர் பட்ட வேர்

கட்டி கரைந்த கழுத்தைக் காட்டத்தான் வைத்தியர் ஆண்டவர் தன் மனைவி ஜானகியை அரியலூர் மூலிகைக் கிடங்குக்குக் கூட்டி வந்திருந்தார். பின்னால் அவரோடு வந்த செந்துறைக்காரர்கள் மூன்று பேர் நின்றார்கள். ஒருவன் கையில் மண்ணெண்ணெய் டின் இருந்தது.

மேசை மேல் இருபது பொட்டலங்கள். எல்லாம் நித்தியகல்யாணி வேர், ஆண்டவரே தோண்டிக் கொடுத்தது. பூச்சியும் பூஞ்சையும் அண்டாமல் இருக்கப் பத்துப் பொட்டலங்களை மட்டும் பம்பாய்க்கு அனுப்பிக் கதிர்வீச்சுக் காட்டி, சிவப்பு மைப் புள்ளி வைத்திருந்தார்கள். அவற்றில் புற்றுநோயை எதிர்க்கும் சக்தி குறைந்திருக்கிறதா என்று பார்க்க, இருபதும் மறுநாள் சென்னை ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டும்.

கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் காசிநாதன் ஒவ்வொன்றின் எடையையும் இரண்டு முறை சரிபார்த்து, '12.2.85' என்று தேதி போட்டிருந்தான். எட்டு மாத வேலை அது.

"கரண்ட்டு வச்ச வேரு பொணம். அத மருந்துன்னு ஒருத்தனுக்குக் குடுத்தாலும் கொலைதான்," என்றார் ஆண்டவர். கதிரை அவர் ஊரில் கரண்ட்டு என்றுதான் சொல்வார்கள்.

ஆஸ்பத்திரியில் புற்றுக்கு வைப்பதும் இதே வகைக் கதிர்தான் என்று காசிநாதன் சொன்னான். சொல்லியிருக்க வேண்டாமோ என்று உடனே தோன்றியது.

"அங்க போய்ப் படுத்தவன் எவன்டா திரும்பி வந்தான்?"

கதிர் பட்டும் வேரின் சக்தி போகவில்லை என்று, முடிந்தால் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார் ஆண்டவர். காசிநாதன் பேனாவைத் தொடவில்லை.

"எனக்குத் தெரியாதுங்க. தெரியாததாலதான் அனுப்புறோம்."

"தெரியாதாம்ல. படிச்சவரு," என்றான் டின்காரன். மற்ற இருவரும் சிரித்தார்கள்.

ஆண்டவர் மனைவியை முன்னால் தள்ளினார். ஐப்பசியில் எலுமிச்சங்காய் அளவு இருந்த கட்டி, தை கடைசியில் இல்லை. தன் வேர்க் கஷாயம் தவிர வேறெதுவும் அவள் சாப்பிடவில்லை என்றார். நடுவில் ஒன்றரை மாதம் செட்டிகுளத்தில் அம்மா வீட்டில் இருந்தபோதும் பொடியைக் கட்டிக் கொடுத்துத்தான் அனுப்பினாராம்.

ஜானகி முந்தானையை விலக்கினாள். கட்டி இல்லைதான். அது இருந்த இடத்தில் தோல் சதுரமாகக் கறுத்திருந்தது, அடிக்கோல் வைத்துக் கோடு போட்டதுபோல ஓரங்கள் நேராக.

கஷாயம் குடித்தவளுக்குத் தோல் எப்படிக் கறுத்தது என்று காசிநாதன் கேட்டான். விஷம் வெளியேறிய வழி என்றார் ஆண்டவர்.

"நல்லாப் பாத்துக்க. இது உசுருள்ள வேரு செஞ்ச வேல. கரண்ட்டு பட்டது எதுவும் பொழைக்காது."

அவர் கண்ணைக் காட்டினார். இருவர் காசிநாதனின் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள். டின்காரன் சிவப்புப் புள்ளி வைத்த பத்துப் பொட்டலங்களையும் வாரி வாசலில் போட்டான். மண்ணெண்ணெய் டின்னின் மூடியைத் திருகினான். ஆண்டவர் தீப்பெட்டியை எடுத்தார்.

அதற்குள் ஜானகி தரையில் உட்கார்ந்து பொட்டலங்களை மடியில் அள்ளிக்கொண்டாள். கணவர் இரண்டு முறை அதட்டியும் எழுந்திருக்கவில்லை. கழுத்தை மூடவும் இல்லை.

"என்னையும் சேத்துக் கொளுத்துங்க," என்றாள். "திருச்சி ஆஸ்பத்திரியில எனக்கும் முப்பது நாளு கரண்ட்டுதாங்க வச்சாங்க."