மணிக்கொரு தரம்

கராகோல் மலையுச்சியில், பனிச்சறுக்க வருபவர்களை ஏற்றிவரும் நாற்காலி லிஃப்டைப் பார்த்துக்கொள்ளும் தொரோகுலுக்குத் தனியாள் வேலை. லிஃப்ட் ஓடும் நாளெல்லாம் அவனிடம் பேச நாதி கிடையாது. பனிக்காற்று அடிக்கிறதென்று லிஃப்டை மூடினால்தான், கீழ் நிலையத்துச் சைகல் மணிக்கொரு தரம் வாக்கி டாக்கியில் விசாரிப்பாள்.

"அண்ணே, காத்து எப்படி?"

"காதைப் பிய்க்குதும்மா. திறந்துடாதே."

"சறுக்க வந்தவங்க என்னைத் திட்டித் தீர்க்கிறாங்க. இங்கே அடுப்புப் புகைகூட நேரா போகுதே!"

"உச்சிக்கு வந்து நின்னு பாக்கச் சொல்லு!"

"சரிண்ணே, அடுத்த மணிக்குக் கூப்பிடுறேன்."

குரல் நின்றது. ஆறிப்போன தேநீரோடு தொரோகுல் அந்தக் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சற்று நேரத்திலேயே அது கரகரத்தது. சைகல் கிசுகிசுத்தாள்.

"அண்ணே, முதலாளி பைனாகுலரோட வெளியே வர்றாரு. காத்து பாக்க உச்சியில கட்டின உங்க கொடி துவண்டு தொங்குது, சீக்கிரமா ஆட்டி விடுங்க. அப்பத்தானே நான் அடுத்த மணிக்கும் கூப்பிட முடியும்?"