பன்னிரண்டு கிலோ

கால் முறிந்தவர்கள் எப்படித் தேறுகிறார்கள் என்று ஆராயும் அறை அது. காலுக்கு ஒன்றாக இரண்டு எடை மெஷின்கள். அறுபது கிலோ எடையுள்ள மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர் அவற்றின்மேல் நின்றார். இடது கால் முப்பது காட்டியது, முறிந்த வலது கால் பதினெட்டு.

நர்ஸ் மெஷினை மாற்றினாள். அதே பதினெட்டு.

"மீதி பன்னிரண்டு எங்கண்ணே?"

"மூட்டையில குறைஞ்சா என்னைக் கேப்பாங்க. என்கிட்டயே குறைஞ்சா?" என்று சிரித்தார். பிறகு மெதுவாக, "வலப்பக்கம் வீட்டுக்காரி தாங்குறா, தங்கச்சி. கால் முறிஞ்ச அதே விபத்துல போனவதான்."

"எலும்பு கூடிடுச்சுண்ணே. இனி விடச் சொல்லுங்க. இன்னையோட ஃபைலை முடிச்சிடலாம்."

"விட்டா போயிடுவாளே."

நர்ஸ் 'ஆறு வாரம் கழித்து வரவும்' என்று எழுதினாள். அவர் கிளம்பியபோது சட்டையின் வலது முழங்கைப் பக்கம் யாரோ பிடித்தாற்போல் கசங்கியிருந்தது. நர்ஸ் கதவை இருவர் போகும் அளவுக்குத் திறந்து பிடித்தாள்.