முதலில் மின்சாரத்தை நிறுத்தவும்

“இதை எழுதின ஆளை நான் இப்பவே பார்க்கணும்!”

நீல அட்டை நாவலைப் பதிப்பாளரின் மேசைமேல் பொத்தென்று போட்டார் தபாலாபீஸ் அம்மா. கட்டைவிரலில் பிளாஸ்திரி, நகக்கண்ணெல்லாம் கறுப்பு. சண்டைக்கு வந்தவர் மாதிரிதான் இருந்தது.

பின்கட்டில் தையல் போட்டுக்கொண்டிருந்த பைண்டர், காகிதக் கட்டுக்குப் பின்னால் பதுங்கினான். அவன் வேறு யாருமில்லை, பதிப்பாளரின் மனைவிக்குக் கூடப்பிறந்த தம்பி. போன மாதம் ஒரு புத்தகத்துக்கு அட்டையைத் தலைகீழாக ஒட்டியவன். “இன்னொரு புகார் வரட்டும், உங்க அக்காவே வந்து அழுதாலும் உனக்கு இங்கே வேலை கிடையாது” என்று பதிப்பாளர் அன்றைக்கே சொல்லிவிட்டார். இதில் அவனுக்குக் கல்யாணம் வேறு நிச்சயமாகியிருந்தது.

“என்ன மேடம், பிடிக்கலையா?”

“இருங்க, வரிசையா சொல்றேன்.” நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மாதம் மூன்று புத்தகம் வாங்குவார். மூன்றுக்கும் தீர்ப்புச் சொல்லாமல் போகமாட்டார். “அந்தத் துப்பறியும் கதை சுத்த மோசம். கொலைகாரனை அட்டையிலேயே படம் போட்டுட்டு, முந்நூறு பக்கம் எதுக்குத் தேடணும்? அப்புறம், விடியக்காலம் எழுந்தா வாழ்க்கை மாறும்னு ஒண்ணு கொடுத்தீங்களே, அதை நம்பி எழுந்தேன். பின்னாடியே வீடு மொத்தமும் எழுந்து டீ கேட்டுச்சு. வாழ்க்கை மாறல, பால்தான் தீர்ந்துச்சு.”

“அப்போ, இந்த நாவல்...?”

“அதுக்குத்தானே வந்திருக்கேன்! பாதி வரைக்கும் அவ அழுதுட்டே இருக்கா சார். மாமியார் பேசினா அழுகை, நாத்தனார் சிரிச்சா அழுகை. போதும்டா சாமின்னு மூடப் போனேன். அப்பத்தான் புருஷன் வாசல்ல நின்னுக்கிட்டு, ‘இந்த வீட்டுல உனக்கு என்னடி வேலை?’ன்னு கேட்கிறான். பக்கத்தைத் திருப்பறேன்...”

பதிப்பாளர் நகத்தைக் கடித்தார்.

“‘முதலில் மின்சாரத்தை நிறுத்தவும்’கிறா!”

“யாரு?”

“அவதான் சார்! வேற ஒரு பேச்சு இல்லை. ‘பிறகு நான்கு திருகாணிகளையும் கழற்றவும்.’ அழுகை போச்சு, மாமியார் போச்சு, புருஷன் போன இடமே தெரியல. கடைசிப் பக்கம் வரைக்கும் மோட்டாரைக் கழட்டிக்கிட்டே இருக்கா. படமெல்லாம் வேற போட்டிருக்காரு. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு!”

பதிப்பாளர் அவசரமாகப் புரட்டினார். முன்பாதி நாவல், பின்பாதி, ‘வீட்டு மோட்டார் பழுதுபார்ப்பது எப்படி’. இரண்டும் ஒரே அளவு, ஒரே நாளில் தையலுக்குப் போன புத்தகங்கள். அவர் பின்கட்டை முறைத்தார். காகிதக் கட்டுக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன.

தபாலாபீஸ் அம்மா நிறுத்துவதாக இல்லை. “எங்க வீட்டுத் தண்ணி மோட்டார் கெட்டு ரெண்டு மாசம். கேட்டா, ‘நாளைக்குப் பார்க்கறேன்’பாரு எங்க வீட்டுக்காரர். அழுமூஞ்சி அவளாலயே முடியும்போது என்னால முடியாதா? கழட்டினேன், மாட்டினேன், சுவிட்சைப் போட்டேன். எந்தக் குழாயையும் மூடி வைக்கல போல. இவர் ஆபீசுக்குக் கிளம்பி, ஷவருக்குக் கீழே நின்னு தலை வாரிட்டு இருந்தாரு...”

அதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பதிப்பாளருக்கும் சிரிப்பு பீறிட்டது; இருமுவதுபோல நடித்துச் சமாளித்தார்.

“இதே மாதிரி நாலு காப்பி கொடுங்க, ஒரு வரி மாறக் கூடாது. நாத்தனாருங்களுக்குக் கொடுக்கணும். எல்லார் வீட்டுலயும் ஒரு ‘நாளைக்கு’ இருக்கு.”

பதில் சொல்வதற்குள் வாசல் இருட்டியது. ஆறடி ஆள். சட்டைப் பையில் ஸ்பேனர், அக்குளில் மஞ்சள் அட்டை மோட்டார் புத்தகம், கண்கள் சிவந்து கிடந்தன.

“மெக்கானிக் நான். இந்தப் புத்தகம் போட்டது யாரு?”

யார் வீட்டு மோட்டார் வெடித்ததோ, யாருக்கு ஷாக் அடித்ததோ! பதிப்பாளர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். பைண்டர் மெல்ல வெளியே வந்து மெக்கானிக்கின் முன்னால் நின்றான்.

“தப்பாத் தைச்சது நான்தாங்க. மாமாவை ஒண்ணும் சொல்லாதீங்க.”

பதிப்பாளருக்கு அவன்மேல் முதல்முறையாகப் பாசம் வந்தது.

“மூணு நாளா கடை திறக்கல தம்பி.” மெக்கானிக்கின் குரல் கம்மியது. “மோட்டார்ல எத்தனை வகைன்னு ஒழுங்காத்தான் போச்சு. எப்படிக் கழட்டறதுன்னு பக்கத்தைத் திருப்பினா, ஒரு பொண்ணு அழுதுக்கிட்டே ரயிலேறிப் போகுது. அதை யாருப்பா அப்படி அழவெச்சது?”

தபாலாபீஸ் அம்மா துள்ளி எழுந்தார். “யாரு, அவளா? ஐயோ, ரெண்டாம் பாகம் வந்துடுச்சா! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!”

“உங்களுக்கு முன்கதை தெரியுமாக்கா?”

“உட்காருங்க, மாமியார்ல இருந்து ஆரம்பிக்கணும்.”

இரண்டு நாற்காலிகள் நெருங்கின. பைண்டர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பின்கட்டுக்குப் போய்ப் பையை எடுத்து மாட்டினான். “கிளம்பறேன் மாமா. அக்காகிட்ட நானே சொல்லிக்கறேன்.”

பதிப்பாளர் அந்தப் பையைப் பிடுங்கிக் கீழே வைத்தார். தையல் ஊசியை அவன் கையில் திணித்து, காதோரம் குனிந்தார்.

“மிச்சத்தையும் இதே மாதிரி தப்பாத் தைச்சுடு, மச்சான்.”