லீப் வருடக்காரன்

பட்டு வேட்டி சரசரக்க, சுதன் மும்பை செம்பூர் அலுவலகத்துக்குள் ஓடி வந்தான். ஞாயிற்றுக்கிழமை. மாலதியைத் தவிர அங்கே யாரும் இல்லை.

“அரே, பொண்ணு பாக்கப் போறியா?”

“வழியில எறங்குனேன். பத்து நிமிஷம்தான். பில்ட் ஏன் நின்னுச்சு?”

அவன் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த சிவப்புப் பெட்டியை மாலதி உருவித் திறந்தாள். “கம்மலா? மிளகு சைஸ்ல இருக்கு! கஞ்சன். இதைப் பாத்தா அந்தப் பொண்ணு ஓடியே போயிடுவா.”

சுதன் காதில் எதுவும் விழவில்லை. பள்ளிப் பேருந்து எங்கே வருகிறது என்று பெற்றோருக்குக் காட்டும் செயலி அவர்களுடையது. புது வடிவம் நாளைக் காலை நாற்பது பள்ளிகளுக்குப் போக வேண்டும். இன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் பில்ட் சர்வர் அதைக் கட்டித் தராவிட்டால் சுதனுக்கு வேலை இல்லை என்று மேனேஜர் வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தார்.

திரை முழுக்கச் சிவப்பு. பேருந்தைக் காட்டும் பேக்கேஜ், அதாவது நிரல் பொட்டலம், வரைபடப் பேக்கேஜுக்காகக் காத்திருந்தது. வரைபடம் கடிகாரத்துக்காக, கடிகாரம் நாட்காட்டிக்காக. நாட்காட்டியோ, இது லீப் வருடமா இல்லையா என்று மட்டும் சொல்லும் பதினோரு வரி பேக்கேஜுக்காக. அதை எழுதிய யாரோ ஒருவன் நேற்று இணையத்திலிருந்து எடுத்துவிட்டான்.

போன் அதிர்ந்தது. அக்கா கனகவள்ளி. “வந்துட்டே இருக்கேங்க்கா” என்று துண்டித்தான்.

“முந்நூறு பேக்கேஜ் வந்து காத்துக் கெடக்கு. இந்த லீப் வருஷக்காரன் ஒருத்தன் வரலன்னு ஒண்ணும் நகர மாட்டேங்கு. மனுசனுக்குக் கொஞ்சமாச்சும் பொறுப்பு வேண்டாமா?”

“அவன் இல்லாமலே ஓட்டேன். அடுத்த லீப் வருஷம் வரட்டும், அப்ப பாத்துக்கலாம்.”

“முடியாது. அவன் தலையக் காட்டாம மத்தவன் எவனும் அசைய மாட்டான். அதான் முறை.”

இருவரும் பழைய கணினிகளையெல்லாம் கிளறினார்கள். அக்கா மேலும் நான்கு முறை அழைத்தாள். சுதன் போனைக் கவிழ்த்து வைத்தான்.

கடைசியில், தண்ணீர் கேனுக்கு முட்டுக் கொடுத்திருந்த கணினிக்குள் அந்தப் பதினோரு வரியின் பழைய பிரதி கிடைத்தது. கேனை மாலதி இடுப்பில் ஏந்தி நிற்க, சுதன் தூசியை ஊதிப் பிரதியை எடுத்து சர்வருக்குக் கொடுத்தான்.

பதினொன்று ஐம்பத்திரண்டு. திரை பச்சையானது.

“வந்துட்டான்!” சுதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினான். கேனோடு மாலதியும் ஆடினாள்.

அப்புறம்தான் போனை நிமிர்த்தினான். “அக்கா, முடிஞ்சுட்டு! அங்க ஆரம்பிச்சாச்சா?”

தாராவியிலிருந்து மேளச் சத்தத்தையும் குழந்தையின் அழுகையையும் தாண்டி அக்காவின் குரல் வந்தது.

“எங்கல ஆரம்பிக்க? சாப்பாட்டுக்கு முந்நூறு பேரு காத்துக் கெடக்காவ. காது குத்தாமப் பந்தி போட முடியாது. ஆசாரி ஊசியோட நிக்காரு. எம்புள்ள மொட்டத் தலையோட ரெண்டு மணி நேரமாக் கத்துதா.”

சுதன் பழக்க தோஷத்தில் கேட்டான். “எது வரல?”

“அவ உக்கார மாமன் மடிதாம்ல வரல!”