புகார் எழுதிய ஆள்

இணையப் பாடங்களில் ‘இங்கே அழுத்தவும்’ என்றிருந்த இடங்களிலெல்லாம் ‘இரண்டாம் பாடக் கேள்விகள்’ என்பதுபோல், அழுத்தினால் என்ன வரும் என்பதை எழுதிக்கொண்டிருந்தாள் மகள்.

“இதுக்கும் சம்பளமா? ஏமாத்து வேலை,” என்றார் அப்பா.

“புகார் வந்திருக்குப்பா. கம்ப்யூட்டர் படிச்சுக் காட்டறப்போ வெறும் ‘இங்கே, இங்கே’ன்னுதான் காதுல விழுதாம்.”

“எவன் அந்த வேலைவெட்டி இல்லாதவன்?”

“உங்க வீட்டம்மாதான்.”

பார்வை போனதிலிருந்து பாட்டுக் கேட்டே பொழுதை ஓட்டுகிறாள் என்று அவர் நினைத்திருந்த மனைவி, ஹெட்போனைக் கழற்றினாள். அதில் பாடம் ஓடிக்கொண்டிருந்தது.

“என்கிட்டயே சொல்லியிருக்கலாமேம்மா,” என்றாள் மகள்.

“சொன்னா எனக்கு மட்டும் மாத்திக் குடுப்பே. ஆபீஸுக்கு எழுதினாத்தான் எல்லாருக்கும் மாறும்.”

சாயங்காலம் சலூன் நாற்காலியில் உட்கார்ந்ததுமே சலூன்காரரிடம் ஆரம்பித்தார் அப்பா.

“என் வீட்டுக்காரி ஒரு வார்த்தை சொன்னாப்பா. ஒரு ஆபீஸே உட்கார்ந்து திருத்திக்கிட்டிருக்கு.”