ஃபியூஸ் கட்டை

பெண்ணியமும் தொழில்நுட்பமும் பற்றிய அந்தக் கனத்த புத்தகத்தில் மூன்றாம் பக்கத்தை இன்று விளக்க வேண்டியது, வாசிப்பு வட்டத்துக்குப் புதிதாக வந்த ஜெசிந்தாவின் முறை. ‘கருவி ஆணையும் பெண்ணையும் செய்கிறது, அவர்கள் கருவியைச் செய்கிறார்கள்.’ ஒரு வாரமாகப் படித்தும் இந்த வரி பிடிபடவில்லை. இன்றும் புரியாவிட்டால் இனி வருவதில்லை என்று முடிவு செய்திருந்தாள். “தெரிஞ்சத சொல்லும்மா, இது என்ன பரீட்சையா?” என்றார் வட்டத்தை நடத்தும் குமுதவல்லி. அவளுக்குத் தெரிந்தது ஃபியூஸ் கட்டை. பீங்கான் கட்டையின் இரு முனைகளுக்கு நடுவே ஒரு மெல்லிய கம்பி. மின்சாரம் அளவு மீறினால் அது தான் உருகி வீட்டைக் காப்பாற்றும். சிறுவயதில் ஒரு மதியம் அது உருகியது. அம்மாவே புதுக் கம்பி கட்டினாள். சாயங்காலம்வரை மின்விசிறிக்கு அடியில், அம்மா மடியில் தலைவைத்து ரேடியோ கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. வாசலில் அப்பாவின் சைக்கிள் மணி கேட்டதும் அம்மா எழுந்துபோய்க் கட்டையைப் பிடுங்கி மீட்டர் பெட்டிமேல் வைத்தாள். “ஃபியூஸ் போயிருச்சுங்க.” “ஒனக்கு இதெல்லாம் எங்க தெரியும், தள்ளு” என்று அப்பா ஸ்டூலில் ஏறினார். ஜெசிந்தா இதைச் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். “பாவம் உங்கப்பா, கடைசிவரைக்கும் தெரியல பாரு” என்றார் குமுதவல்லி. “தெரியும்க்கா. டார்ச் பிடிச்சது நான்தான். கட்டையில புதுக் கம்பி பளபளன்னு இருந்துச்சு. அதையே பாத்துக்கிட்டிருந்தாரு. அப்புறம் பத்து நிமிஷம் எதையோ முறுக்குற மாதிரி ஸ்டூல் மேலயே நின்னாரு.”