மஞ்சள் நூல்

ஒரு குன்றுச் சரிவில் நன்னாரிக் கொடியும் தண்ணீர்விட்டான் கொடியும் பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்தன. மஞ்சள் நூல் என்றாலே இரண்டுக்கும் நடுக்கம்.

வருஷத்துக்கு ஒரு தடவை, மழை ஓய்ந்ததும் வைத்தியர் வருவார். சரிவு முழுக்கச் சுற்றி, விதை உதிர்த்து முடித்த முதிர்ந்த கொடி ஒன்றைத் தேடுவார். அதன் தண்டில் மஞ்சள் நூல் கட்டிக் கும்பிடுவார். "நோயாளிக்காகக் கேட்கிறேன், கோபிக்காதே" என்பார். மறுநாள் காலையில் அந்தக் கொடி மட்டும் வேரோடு போயிருக்கும்.

இந்த வருஷம் வைத்தியர் வரவில்லை. யாரோ நாலு பேர் வந்தார்கள்.

"அக்கா, எனக்குப் பார்க்கவே பயமாக இருக்கிறது. யாருக்குக் கட்டுகிறார்கள்?" என்றது தண்ணீர்விட்டான்.

"யாருக்கும் இல்லை. அவர்கள் கையில் நூலே இல்லை," என்றது நன்னாரி.

"அப்பாடா! இந்தத் தடவை தப்பித்தோம்."

நன்னாரி கீழே எட்டிப் பார்த்தது. சரிவின் அடியில் மண்வெட்டிகள் விழத் தொடங்கியிருந்தன. விதை உதிர்த்த கொடி, பூவே காணாத கொடி, நேற்று முளைத்த கன்று, எல்லாம் ஒரே சாக்கில் போயின. பின்னால் வெறும் குழிகள்தான் மிஞ்சின.

சத்தம் மேலே ஏறி வந்தது. தண்ணீர்விட்டான் தன் காலடியைப் பார்த்தது. அங்கே மூன்று கன்றுகள் இரண்டிரண்டு இலையோடு நின்றன.

"அக்கா, வைத்தியரைக் கூப்பிடு," என்று அது அலறியது. "நூலை எனக்கே கட்டச் சொல்லு!"